ஐயா ஒரு ப்ளேடு

ஐம்பத்து மூன்று வயதில், எங்கள் சபையின் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் கத்தரிக்கோலோடு நான் ஒரு மோசடி செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே சொல்லிவிடுகிறேன்.

'கடனில்லா வாழ்வு' என்று பன்னிரண்டு வாரப் பாடம். நடத்தியவன் நான். முதல் வாரமே கூட்டத்தை ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும் என்று ஆசை. சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "நம்மைக் கட்டியிருக்கிற சங்கிலி இதுதான்" என்று உயர்த்திக் காட்டி, நான்காக வெட்டிப் போட்டேன். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வெட்டியது கடன் அட்டை இல்லை. பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுப்பவர்களுக்கு இலவசமாகத் தரும் தள்ளுபடி அட்டை. நிறம் மட்டும் ஒன்று. கருநீலம். அசல் கடன் அட்டைகள் மூன்றும் என் பின்பக்கப் பையில், பர்சுக்குள், நான் உட்கார்ந்தால் உறுத்தும் தூரத்தில் சௌக்கியமாக இருந்தன.

முதல் அட்டையில் நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தேன். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் ஈரத் துண்டு உலர்த்த அதைவிட உத்தமமான கருவி கிடையாது. இரண்டாவதில் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. மூன்றாவது, முதல் இரண்டுக்கும் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டுவதற்காக வாங்கியது.

இந்த யோக்கியதையோடுதான் மேடை ஏறினேன்.

ஐந்து கவர்கள்

என்னைப் பிடித்துப் போட்டவர் ஞானராஜ் ஐயா. எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். எழுபதை நெருங்கியவர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். பத்திரிகையிலும் எழுதுவேன் என்பது அவருக்குத் தெரியும். "எழுதத் தெரிஞ்ச ஆளுக்குப் பேசவும் வரும் தம்பி. நம்ம சனங்க கடன்ல முங்கிக் கெடக்காங்க. நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டட வேலை, ஓட்டல் வேலை, கடை வேலை. போனில் ஒரு தட்டுத் தட்டினால் ஐயாயிரம் கொடுத்து, ஒரு நாள் தவறினால் மாமியார் வீட்டுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கும் செயலிகள். வாராவாரம் வீட்டு வாசலில் வந்து உட்காரும் குழுக்கடன்காரர்கள். நாக்கு வரள உழைத்து, வரும் கூலியை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே வருகிற மனிதர்கள்.

நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால், எங்கோ படித்ததை என்னுடையதாக்கினேன். ஐந்து காகிதக் கவர்கள். அரிசி, பள்ளி, மருந்து, கடன், காணிக்கை. சம்பளம் வந்த அன்றே பிரித்துப் போட்டுவிட வேண்டும். கடனுக்கான நான்காவது கவரில் மட்டும், கூண்டைவிட்டுப் பறக்கும் ஒரு புறாவைப் போடச் சொன்னேன். அச்சுக்கூலி முழுவதும் ஞானராஜ் ஐயா உபயம். டீயும் பன்னும்கூட அவர்தான். எவ்வளவு நல்ல மனிதர் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி ரெஜினா நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பாடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. கடன் வாங்குகிறவன் அடிமை என்றேன். ஆடம்பரம் பாவம் என்றேன். பொறுமை, உண்மை, சிக்கனம். பன்னிரண்டு வாரமும் கை நீட்டி வாங்கியவனை நோக்கியே விரலை நீட்டினேன். கொடுத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரசங்கங்களில் எப்போதும் அப்படித்தான். நானும் அந்தத் தடத்திலேயே வண்டியை விட்டேன்.

ஒரு வார்த்தை மாறிய கதை

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயிலில் காலையில் தமிழ் ஆராதனை. அது முடிந்ததும் மலையாள ஆராதனை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கிற இடம் ஒன்று வரும். தமிழில் நாங்கள் 'குற்றங்களை' என்று சொல்லிப் போவோம். அடுத்த ஆராதனையில் அதே இடத்தில் 'கடங்ஙளெ' என்பார்கள். கடன்களை. அச்சிட்ட தமிழ் வேதத்தைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் கடன் என்றுதான் இருக்கிறது. வாயால் சொல்லும்போது மட்டும் யாரோ ஒரு கெட்டிக்காரர் அதைக் குற்றமாக்கிவிட்டார்.

குற்றத்தை மன்னிப்பதில் ஒரு வசதி, செலவே இல்லை. 'போகட்டும் தம்பி' என்று சொல்லித் தோளைத் தட்டினால் முடிந்தது. கடனை மன்னிக்கிறவனுக்குக் கையை விட்டுப் பணம் போகும்.

இதை ஒரு வேடிக்கையாக ஞானராஜ் ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வழக்கத்தை மாத்தக் கூடாது தம்பி" என்றார். பிறகு கோயில் கூரைக்கு ஓடு மாற்றியபோது எந்த வழக்கத்தையும் மாற்றாமல் எப்படி மாற்றினார்கள் என்று நாற்பது நிமிடம் சொன்னார்.

ஐயாவிடம் இருந்த ஒரே குறை அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

டீ இடைவேளை

மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, டீ இடைவேளையில் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். பழவங்காடியில் ஓர் ஓட்டல் சமையலறையில் காய் அரிகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து, விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்போடு பேனா பிடித்துக் குறிப்பெடுப்பாள்.

பிறந்தது வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவர். தோட்டம் படுத்துப்போனபோது அவருக்குச் சேர வேண்டிய சம்பளமும் பணிக்கொடையும் வரவில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை. முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டியதை யாரும் கடன் என்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதற்கு 'நிலுவை' என்று மரியாதையான பெயர். நிலுவைக்காரர்களைச் சீர்திருத்த எந்தக் கோயில் ஹாலிலும் பன்னிரண்டு வாரப் பாடம் நடப்பதில்லை.

ஸ்டெல்லா அன்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சாரே, நம்ம ஐயா ஒரு ப்ளேடாக்கும். சாருக்கு அறியாமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷமா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

அவள் முகம் மாறியது. "சாருமா?"

"பின்னே? ஒரு ஞாயித்துக்கிழமை தப்பினதில்ல. வாசல்லயே பிடிச்சுக்குவார்."

"அய்யோ. எத்தன சாரே?"

"அளவே கிடையாது. முடிஞ்சுதுன்னு நினைப்பேன், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பார்."

"ரெஜினா சேச்சிக்கு அறியாமோ?"

"அவளுக்கும் சேத்துத்தான். நான் தப்பிச்சு ஓடினா அவளைப் பிடிச்சுக்குவார்."

ஸ்டெல்லா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அவ்வளவு இரக்கமாக என்னை யாரும் பார்த்ததில்லை. என் தட்டில் அவளுடைய பன்னையும் வைத்துவிட்டுப் போனாள். என் நகைச்சுவை ஏழைகளின் மனதையும் தொடுகிறது என்று பூரித்துப்போனேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். எங்கள் ஊரில் ப்ளேடு என்றால் அறுவை. பேசியே ஆளைக் கொல்கிறவன். இந்த ஊரில் ப்ளேடு என்றால் கந்துவட்டிக்காரன். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன், பேப்பரில் ப்ளேடு மாஃபியா என்று வாராவாரம் படிக்கிறேன். ஆனாலும் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது, ஐயாவின் பெயரோடு அந்த வார்த்தை வந்ததும், எனக்குக் கூரை ஓடுதான் ஞாபகம் வந்தது.

திரிகைக் கல்

பதினோராம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஸ்டெல்லா ஒரு கடிதத்தை நீட்டினாள். மகள் ஷைனிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும்.

"நல்ல சமாச்சாரம்தானே? ஏன் அழறீங்க?"

"சர்டிபிகேட்டு ப்ளேடுகிட்டயாக்கும் இருக்கு. தரமாட்டேன்னு சொல்லியாச்சு. சாரும் அவர்கிட்ட மாட்டின ஆளுதானே. சார் எப்படியாக்கும் சமாளிக்கிறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சொல்லச் சொல்ல நான் ஹாலின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அட்டைகள் உறுத்தின.

ஷைனியின் கடைசித் தவணைக் கட்டணத்துக்கு ஞானராஜ் ஐயா நாற்பதாயிரம் கொடுத்திருக்கிறார். கல்லூரியில் அவரே போய்க் கட்டி, படிப்பு முடிந்ததும் அவரே போய்ச் சான்றிதழ்களை வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். அடகு. மாதம் இரண்டாயிரம் ரூபாய் அவர் வீட்டுக்குப் போகிறது. முப்பத்தொரு மாதமாகப் போகிறது. அசல் நாற்பதாயிரம் அப்படியே நிற்கிறது.

வேதத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவனுடைய திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது அவன் பிழைப்பையே அடகு வாங்குவது என்று அர்த்தம் வரும். மாவு அரைக்கிற கல் போனால் அந்த வீட்டில் ரொட்டி கிடையாது, பிறகு எதை வைத்துக் கடனை அடைப்பான்? ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்றும் இருக்கிறது. வாங்கியவனைவிடக் கொடுத்தவனைத்தான் அந்தப் புத்தகம் அதிகமாக அதட்டுகிறது. பாடம் தயாரிக்கும்போது இந்த இரண்டையும் படித்தேன். இந்தக் காலத்தில் யார் வீட்டில் திரிகை இருக்கிறது என்று பென்சிலால் அடித்துவிட்டேன்.

ஸ்டெல்லாவின் வீட்டுத் திரிகை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த நர்சிங் சான்றிதழ். அது எங்கள் கோயில் செயலாளரின் அலமாரியில் இருந்தது.

வீட்டுக்குப் போய் ரெஜினாவிடம் சொன்னேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். "ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும், செயலாளரைப் பகைச்சுக்க வேண்டாம்னு கண்டுக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். என்னை அவ்வளவு தந்திரசாலி என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறாள்.

நன்றி

மறுநாள் மாலை ஐயா வீட்டுக்குப் போனேன். போகும்போது ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். எதைச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லில் குரலை உயர்த்த வேண்டும் என்றெல்லாம் ஒத்திகை.

"வாங்க தம்பி, இருங்க. டீயா, காப்பியா?"

"டீ" என்றேன். ஒத்திகையில் இது இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"வட்டி வாங்கறது பாவம்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஒரு பைசா வட்டின்னு வாங்கினதில்ல. கஷ்டத்துல ஒருத்தன் உதவினா மனுஷனுக்கு நன்றி இருக்கும் இல்லியா? அந்த நன்றிய காணிக்கையா கவர்ல வச்சு தாறாங்க. வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு நோகும்."

"நன்றி எப்படி ஐயா மாசாமாசம் சரியா ரெண்டாயிரம் வருது?"

"கொடுத்ததுக்குத் தக்கன நன்றி."

"அந்தக் காணிக்கை கோயிலுக்குப் போகுதா?"

"பத்துல ஒண்ணு போகுது. தப்பாம போகுது. ரசீது வச்சிருக்கேன், பாக்குறீங்களா?"

மேஜை இழுப்பறையைத் திறந்தார். ரசீதுக் கட்டுக்கு அடியில், ரப்பர் வளையம் போட்டு அடுக்கடுக்காகக் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் கூண்டைவிட்டு ஒரு புறா பறந்துகொண்டிருந்தது.

என்னுடைய நான்காவது கவர்.

"நல்ல பாடம் தம்பி" என்றார் ஐயா, மனப்பூர்வமாக. "முந்தியெல்லாம் இருபதாம் தேதி வரைக்கும் இழுப்பாங்க. உங்க கிளாஸ் தொடங்கினதுக்கு அப்புறம் அஞ்சாம் தேதிக்குள்ள வந்திருது. கர்த்தர் உங்களைப் பயன்படுத்துறாரு."

இருபது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தால் ஒருவருக்காவது பலன் கிடைத்ததா என்று பல தடவை ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டது.

"அந்த சர்டிபிகேட்டைக் குடுத்திருங்க ஐயா. பொண்ணு வேலைக்குப் போனாத்தானே உங்க பணமும் வரும்."

"நீங்கதானே சொன்னீங்க, முதல்ல கடனை முடி, அப்புறம் மத்ததுல கை வைன்னு. ஆறாவது வாரம். நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேன்."

கோபத்தில் இருக்கிற மனிதன் அந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது. நான் குடித்தேன். பிஸ்கட்டும் தின்றேன். இரண்டு.

கொள்ளைக்காரன் கத்தியைக் காட்டி வாங்கினால் நாம் போலீசுக்குப் போவோம். இவர்கள் ஜெபம் பண்ணிவிட்டு வாங்குகிறார்கள். வாங்கியதில் பத்தில் ஒன்றை ஆண்டவருக்குக் கொடுத்து அவரையும் கூட்டாளியாக்கிவிடுகிறார்கள். கோயில் மின்விசிறியில் அவர்கள் பெயர் சுற்றுகிறது. அந்தக் காற்றில்தான் கடன்காரர்கள் உட்கார்ந்து, கடன் வாங்குவது எவ்வளவு கேவலம் என்று என்னைப் போன்ற ஒரு கோமாளி சொல்வதைக் கேட்கிறார்கள்.

பணத்தை நானே கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டேன். பர்சைத் திறந்து பார்த்தேன். மூன்று அட்டைகளும் கழுத்து வரை நிரம்பியிருந்தன. கடனில்லா வாழ்வின் ஆசிரியரிடம் ரொக்கமாக அறுநூற்று நாற்பது ரூபாய் இருந்தது.

சாட்சி

அந்த வாரம் முழுக்க நான் ஓர் உரை எழுதினேன். பன்னிரண்டாம் வாரம், நிறைவு நாளில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிடுவது என்று முடிவு. நான்கு பக்கம். திரிகைக் கல் இருந்தது, போர்வை இருந்தது, கடனைக் குற்றமாக மாற்றிச் சொல்லும் இடம் இருந்தது. ரெஜினாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ப்ளேடுக்கே ப்ளேடு போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஹால் நிறைந்திருந்தது. ஞானராஜ் ஐயா முன்வரிசையில், மடியில் பொன்னாடையோடு. அது எனக்கு. நான் உரையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா எழுந்தாள்.

"சாரே, ஒரு சாட்சி சொல்லணும்."

எங்கள் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்தவரை யாரும் உட்காரச் சொல்ல முடியாது. போதகரே ஆனாலும் முடியாது. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். ஒவ்வொரு நன்மைக்கும் கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும். யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் மாதிரி வந்துவிடும்.

"எம் பேரு ஸ்டெல்லா. ஹோட்டல்ல காய் அரியுற ஜோலி. எம் பொண்ணுக்கு கடைசி ஃபீஸ் கட்ட வழி இல்லாதப்போ நம்ம ஞானராஜ் ஐயா நாப்பதாயிரம் தந்தாங்க. ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம். ஐயா அடக்கமாகத் தலை குனிந்தார்.

"வட்டின்னு ஒரு பைசா கேட்டதில்ல. நன்றி காணிக்கை மட்டும் மாசம் ரெண்டாயிரம். முப்பத்தொண்ணு மாசம் முடங்காம குடுக்க கர்த்தர் கிருபை செய்தாரு. ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்."

"அறுபத்திரண்டாயிரம்" என்று பின்னால் ஒரு குரல் கணக்குப் போட்டது. அதற்கும் ஓரிருவர் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"அந்த நாப்பதாயிரம் இப்பவும் அப்படியே இருக்கு. வேதத்துல வாற விதவை வீட்டு எண்ணெய் மாதிரி, நான் எத்தன குடுத்தாலும் குறையவே இல்ல. இந்த அற்புதத்துக்காக ஸ்தோத்திரம்."

இந்தத் தடவை பாதிப் பேர்தான் சொன்னார்கள். மீதிப் பேர் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா தலை நிமிர்ந்திருந்தது. முகத்தில் சிரிப்பு ஒட்ட வைத்தது போல நின்றது.

"எம் பொண்ணோட சர்டிபிகேட்டையும் ஐயா அலமாரியில பத்திரமா வச்சிருக்காங்க. நாளைக்கு காலையில எட்டு மணிக்கு அவ அத ஆஸ்பத்திரியில காட்டணும். ஐயா இன்னைக்கே தந்திருவாங்கன்னு விசுவாசிக்கிறேன். எனக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கணும்."

உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

அதற்குள் பின்வரிசையில் ஒரு தையல்காரப் பெண் எழுந்தாள். "எனக்கும் ஐயா இருபத்தஞ்சாயிரம் தந்தாங்க. ஸ்தோத்திரம்." அவளுடைய வீட்டுப் பத்திரம் ஐயாவிடம் இருந்தது. பிறகு ஓட்டல் சப்ளையர் ஒருவர். பிறகு ஒரு கொத்தனார். ஐந்தாவதாக, முதல் வாரம் நான் அட்டையை வெட்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, அந்தப் பெரியவர். எல்லோரும் நன்றிதான் சொன்னார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஸ்டெல்லா வாரம் முழுக்கப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறாவது ஆள் எழுவதற்குள் ஐயா எழுந்து கையை உயர்த்தினார். "கர்த்தர் கற்பித்த ஜெபத்தோட முடிச்சுக்கலாம்." அவரே தொடங்கினார், உரத்த குரலில். மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தது. ஐயா 'குற்றங்களை' என்றார். பின்வரிசைகளில், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து, 'கடங்ஙளெ' என்று வந்தது. ஒரு குரல் இல்லை, ஏழெட்டுக் குரல்கள். ஐயாவுக்கு அடுத்த வரி மறந்துபோனது. அறுபது வருடத்துக்கு மேலாகச் சொல்லும் ஜெபம். ரெஜினாதான் எடுத்துக் கொடுத்தாள்.

பொன்னாடை என் கழுத்தில் கொஞ்சம் இறுக்கமாகவே விழுந்தது. என் நான்கு பக்கமும் சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் ஐயாவின் டிரைவர் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் ஒரு பழுப்பு நிறக் கவரைக் கொடுத்துவிட்டு வந்தான். மேலே ஐயாவின் கையெழுத்தில் 'ஜெபங்களுடன்' என்று இருந்ததாம். திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷைனி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

ஐயா மனம் திரும்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுத மாட்டேன். நாற்பதாயிரத்தை அவர் கேட்கவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. மற்ற நான்கு பேரில் இரண்டு பேருடைய பத்திரங்கள் திரும்பி வந்தன. இரண்டு பேருடையது இன்னும் வரவில்லை. கமிட்டித் தேர்தலில் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. இதை எழுதும்போது கோபம் யார் மேல் வருகிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கருநீலம்

ஒரு மாதம் கழித்துப் பழவங்காடியில் அந்த ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் ஸ்டெல்லா. ஷைனிக்கு இரண்டு வெள்ளைச் சுடிதார் எடுத்திருந்தாள். பணத்தை என்னுடைய நான்காவது கவரிலிருந்து எடுத்தாள். புறா அப்படியே இருந்தது; 'கடன்' என்பதைப் பேனாவால் அடித்து 'துணி' என்று எழுதியிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க பேசினது ரொம்ப நல்லா இருந்துது" என்றேன். "நான்கூட ஒண்ணு எழுதி வச்சிருந்தேன்."

"ரெஜினா சேச்சி சொன்னாங்க. அதனாலயாக்கும் நான் முதல்லயே எழுந்தது."

பில் போடும் பெண் கேட்டாள். "கார்டு உண்டோ?"

ஸ்டெல்லா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். கருநீலம். நான் கூரையைப் பார்த்தேன்.

பில்லை மடித்து வைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "முதல் வரிசையில இருந்தா எல்லாம் தெரியும் சாரே. அந்தக் கார்டுல ஓணத்துக்குத் துணி எடுத்த பாயிண்டெல்லாம் கெடந்திருக்கும். வெட்டியிருக்க வேண்டாம்."